முதுமைக்குச் சத்து மாத்திரைகள்: செட்டிநாட்டு வாசகர்களின் கேள்விகளும் மருத்துவரின் பதில்களும்

அறுபது வயதைக் கடந்தவர்கள் தாங்கள் அன்றாடம் எடுத்துக்கொள்ளும் சத்து மாத்திரைகளைப் பற்றிக் கேட்க விரும்புவதை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் அறிவித்திருந்தோம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வட்டாரங்களிலிருந்து வந்த கடிதங்களே மிகுதி. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் இருக்க, பெரிய வீட்டில் இருவராகவோ தனியாகவோ வாழும் பெற்றோருக்கு மாத்திரைப் புட்டிகள் தொடர்ந்து வந்து சேருகின்றன என்பது அக்கடிதங்களிலிருந்து தெரிகிறது. குறை இருப்பது உறுதியானால் சத்து மாத்திரையைத் தயக்கமின்றி எழுதித் தருபவன் நான். குறை இருக்கிறதா என்று பார்க்காமல், வயதாகிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக விழுங்கும் மாத்திரையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பதில்களை அந்த நோக்கில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் வயது 68. நியூ ஜெர்சியில் இருக்கும் மகன் ஊருக்கு வரும்போதெல்லாம் சத்து மாத்திரைகள் கொண்டுவந்து தருகிறான். மல்டிவைட்டமின், மீன் எண்ணெய், வைட்டமின் ஈ 400 யூனிட், கால்சியமும் வைட்டமின் டியும் சேர்ந்த மாத்திரை, மஞ்சள் கேப்சூல் ஆகிய ஐந்தையும் காலைப் பலகாரத்துக்குப் பிறகு ஒன்றாகப் போட்டுக்கொள்கிறேன். வைட்டமின் ஈ மாத்திரையை என் கணவரும் எடுத்துக்கொள்கிறார். இரத்த அழுத்தத்துக்கும் தைராய்டுக்கும் எனக்கு மாத்திரை உண்டு. இதயத்துக்காக ஆஸ்பிரினும் சாப்பிடுகிறேன். ஐந்தில் எதை நிறுத்தலாம்? நிறுத்தினால் மகன் வருத்தப்படுவானோ என்றும் இருக்கிறது. — வாசகி, காரைக்குடி

பதில்: ஆச்சி, நீங்கள் மருத்துவர் சொல்லிச் சாப்பிடும் மாத்திரைகளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் புட்டியில் இருப்பது நல்லதா கெட்டதா என்பதை அவற்றை வைத்துத்தான் சொல்ல முடியும். தைராய்டு மாத்திரையை விடியற்காலையில் வெறும் வயிற்றில் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துக் கால்சியத்தையும் மல்டிவைட்டமினையும் போட்டுக்கொள்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கால்சியமும் மல்டிவைட்டமினில் உள்ள இரும்பும் குடலில் தைராய்டு மாத்திரையிலுள்ள தைராக்சினைப் பற்றிக்கொண்டு, அது இரத்தத்தில் சேரவிடாமல் தடுத்துவிடும். இரண்டுக்கும் இடையே குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இதை அறியாமல், தைராய்டு அளவு சரியாகவில்லையே என்று மாத்திரையின் அளவை மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போவதைப் பார்க்கிறோம். கால்சியத்தை மதியச் சாப்பாட்டுக்கோ இரவுச் சாப்பாட்டுக்கோ மாற்றிக்கொண்டால் இந்தச் சிக்கல் தீரும்.

கால்சியம் தேவையா என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,000 முதல் 1,200 மில்லிகிராம் வரை கால்சியம் வேண்டும். காபி, மோர், தயிர் எல்லாம் சேர்ந்து நாளைக்கு 400 மில்லி பால் உள்ளே போனால் அதில் ஏறத்தாழ 480 மில்லிகிராம் கிடைக்கும். 50 கிராம் கேழ்வரகு மாவில் கூழோ அடையோ செய்தால் 170 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும். கீரையும் எள்ளும் இன்னும் கொஞ்சம் தரும். மிச்சம் குறைவதை மட்டும் மாத்திரையால் நிரப்பினால் போதும். ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் விழுங்கினால் உடல் அதை நன்றாக ஈர்த்துக்கொள்வதில்லை. முன்பு சிறுநீரகக் கல் வந்தவராக இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் கால்சியம் மாத்திரையைத் தொடவே வேண்டாம்.

வைட்டமின் ஈ மாத்திரையை நிறுத்திவிடுங்கள். உங்கள் கணவர் இன்றைக்கே நிறுத்த வேண்டும். 35,000க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த ‘செலெக்ட்’ ஆய்வில், நாள்தோறும் இதே 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்துக்கொண்டவர்களுக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிடப் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாக வந்தது என்று 2011-இல் தெரியவந்தது. புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கையில் தொடங்கப்பட்ட ஆய்வு அது. உங்களைப் பொறுத்தவரை, ஆஸ்பிரினோடு சேர்ந்து அது இரத்தக் கசிவுக்கு இடம் கொடுக்கும் என்பதே நிறுத்துவதற்குப் போதுமான காரணம்.

மஞ்சள் கேப்சூலைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மஞ்சள் நம் அடுப்படிப் பொருளாயிற்றே என்ற நம்பிக்கையில் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. குழம்பில் நாம் போடும் மஞ்சள்தூளில் குர்குமின் என்னும் பொருள் நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கிறது. அதிலும் பெரும்பகுதி இரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடுகிறது. கேப்சூலில் அதே குர்குமினைப் பிரித்தெடுத்துச் செறிவாக்கி, அது இரத்தத்தில் அதிகம் சேர வேண்டும் என்பதற்காக மிளகின் சாரத்தையும் கலந்து அடைக்கிறார்கள். இப்படிப்பட்ட கேப்சூல்களால் கல்லீரல் பாதிக்கப்பட்டு மஞ்சள் காமாலை வந்தவர்களைப் பற்றி இத்தாலி, அமெரிக்கா உள்ளிட்ட நாடுகளிலிருந்து மருத்துவ அறிக்கைகள் வந்திருக்கின்றன. குழம்பு மஞ்சளுக்கு எந்தத் தடையும் இல்லை; கேப்சூல் வேண்டாம்.

மீன் எண்ணெயைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்திருக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்ட ஆண்களும் 55 வயதுக்கு மேற்பட்ட பெண்களுமாக 25,871 பேரைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் தினம் 1 கிராம் மீன் எண்ணெய் கொடுத்துப் பார்த்த ‘வைட்டல்’ ஆய்வின் முடிவு 2018-இல் வெளிவந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது அது குறைத்ததாகக் காணப்படவில்லை. மிக அதிக அளவில் எடுத்துக்கொண்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகும் வாய்ப்பு சற்றுக் கூடுவதும் வேறு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. நீங்கள் அசைவம் சாப்பிடுபவராக இருந்தால் வாரத்தில் இரண்டு நாள் மத்தியோ அயிலையோ குழம்பு வைத்துச் சாப்பிடுங்கள். தொண்டிப் பக்கத்திலிருந்து வரும் மீன் உங்கள் ஊரில் கிடைப்பதுதானே. மல்டிவைட்டமினால் பெரிய தீங்கில்லை; இரும்புச் சத்து சேராத வகையாக இருக்கட்டும், ஏனென்றால் மாதவிடாய் நின்றபின் இரும்பு அவ்வளவு தேவைப்படுவதில்லை.

ஆஸ்பிரினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மகனிடம் என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிப் படமெடுத்து அவருக்கு அனுப்புங்கள். அடுத்த முறை எதையும் வாங்குவதற்கு முன் அந்தத் தாளை அங்குள்ள மருந்தாளுநரிடம் காட்டிக் கேட்கச் சொல்லுங்கள். அக்கறையோடு வாங்கி வருபவர் இதைத் தவறாக நினைக்க மாட்டார்.

கேள்வி: எனக்கு வயது 72. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். வயிறு எரிச்சலுக்குத் தினமும் காலையில் பாண்டப்ரசோல் மாத்திரை. அறுபதாம் ஆண்டுச் சாந்திக்குப் பிறகு அசைவத்தை அறவே விட்டுவிட்டேன். இப்போது ஆறு மாதமாக உள்ளங்கால் எரிகிறது, செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரிவதில்லை. வயதானால் அப்படித்தான் என்கிறார்கள். மருந்துக் கடையில் நரம்பு மாத்திரை என்று ஒன்று கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டால் தலை சுற்றுகிறது. — வாசகர், தேவகோட்டை

பதில்: ஐயா, இதை வயதின் மேல் பழிபோட்டு விட்டுவிடக் கூடாது. உங்கள் கடிதத்தில் வைட்டமின் பி12 குறைவதற்கான மூன்று காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. இந்த வைட்டமின் இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில்தான் உண்டு. காய்கறியிலும் பருப்பிலும் தானியத்திலும் கிடையாது. சைவத்துக்கு மாறியபின் பாலும் தயிரும் மட்டுமே உங்களுக்கு வழி. அப்படி வந்து சேரும் பி12-ஐ உணவுப் பொருளின் புரதத்திலிருந்து பிரித்தெடுக்க வயிற்றில் அமிலம் வேண்டும். அந்த அமிலத்தைப் பாண்டப்ரசோல் குறைக்கிறது; வயது ஏற ஏற அது தானாகவும் குறையும். அதற்குப் பிறகு வயிற்றுச் சுவர் சுரக்கும் ஒரு புரதத்தோடு சேர்ந்து சிறுகுடலின் கடைசிப் பகுதிக்குப் போய்த்தான் அது உடலில் ஏறுகிறது. அந்த இடத்தில் மெட்ஃபார்மின் தடையாக நிற்கிறது. மெட்ஃபார்மின் சாப்பிடுவோரிடம் பி12 குறைவது அடிக்கடி காணப்படுவது என்றும், அறிகுறி உள்ளவர்களுக்குப் பரிசோதிக்க வேண்டும் என்றும் பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022-இல் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது.

கல்லீரலில் இந்த வைட்டமின் சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு சேமிப்பில் இருக்கும். அதனால்தான் அசைவத்தை விட்ட உடனே ஒன்றும் தெரியாமல், பல ஆண்டுகள் கழித்துக் கால் எரிச்சலாகவும் மரத்துப்போதலாகவும், சிலருக்கு நாக்குப் புண்ணாகவும் மறதியாகவும், இருட்டில் தடுமாறும் நடையாகவும் வெளிப்படுகிறது. நரம்பு நெடுநாள் கெட்டுக் கிடந்தால் பின்னால் எவ்வளவு ஊசி போட்டாலும் முழுவதும் திரும்பாது. ஆகவே இந்த வாரமே இரத்தத்தில் பி12 அளவைப் பாருங்கள். மில்லிக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு என்பது தெளிவு. 200-க்கும் 300-க்கும் இடையே இருந்து அறிகுறியும் இருந்தால், இன்னொரு பரிசோதனை செய்தோ அல்லது நேரடியாக மருந்து கொடுத்தோ மருத்துவர் முடிவு செய்வார். சர்க்கரையாலும் கால் நரம்பு கெடும் என்பதால் இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவர் வேலை.

குறைவு உறுதியாகி, நரம்புக் கோளாறும் இருந்தால் தொடக்கத்தில் ஊசி போடுவதே வழக்கம். அதன்பின் மாத்திரை போதும். ஒரு நாளைக்கு உடலுக்கு வேண்டியது இரண்டு மைக்ரோகிராம் சொச்சம்தான். மாத்திரையில் 1,000 அல்லது 1,500 மைக்ரோகிராம் இருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். குடலின் முறையான வழி அடைபட்டிருந்தாலும் விழுங்கியதில் நூற்றுக்கு ஒரு பங்கு தானாகக் கசிந்து இரத்தத்தில் சேரும் என்பதால்தான் அத்தனை அளவு. இந்த வைட்டமின் நீரில் கரைவது, மிகுதியால் நஞ்சாவதில்லை.

இனி அந்த நரம்பு மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள். மெத்தில்கோபாலமின் (பி12-இன் ஒரு வடிவம்) என்ற பெயரோடு ப்ரீகாபாலின் அல்லது காபாபென்டின் என்று இன்னொரு பெயரும் இருக்கும் என்று நினைக்கிறேன். அது வலியையும் எரிச்சலையும் மட்டுப்படுத்தும் வேறொரு மருந்து. சத்து மாத்திரை வகையில் சேராது. முதியவர்களுக்குத் தலைச்சுற்றலும் தூக்கக் கலக்கமும் தந்து கீழே விழவைப்பது அதுதான். நாள்கணக்கில் சாப்பிட்டுவிட்டுத் திடீரென்று நிறுத்துவதும் சரியில்லை. மருத்துவரிடம் அட்டையைக் காட்டி, படிப்படியாகக் குறைக்க வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் தனியாகச் சாப்பிடுவதும் வேண்டாம். அது இரத்தச் சோகையைச் சரிசெய்துவிட்டு, உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டிருப்பதை மறைத்துவிடும். கால் உணர்ச்சி திரும்பும்வரை வீட்டுக்குள்ளும் செருப்பில்லாமல் நடக்காதீர்கள். இரவில் படுக்கும்முன் பாதத்தில் புண் உண்டா என்று வீட்டில் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு 81 வயது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் எலும்பு தேய்மானம் என்று வாரம் ஒன்று வீதம் 60,000 யூனிட் வைட்டமின் டி எழுதிக் கொடுத்தார்கள். வலி குறைந்ததால் நாங்களாகவே கடையில் வாங்கி, இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கிறோம். கால்சியமும் உண்டு. ஒரு மாதமாக மலச்சிக்கல், ஓயாத தாகம், சாப்பிட்டால் குமட்டல். பேச்சிலும் குழப்பம் தெரிகிறது. — வாசகி, கானாடுகாத்தான்

பதில்: அம்மா, இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திராமல் தொலைபேசி வழியாக உங்களைத் தொடர்புகொண்டு மருத்துவமனைக்கு அழைத்துப்போகச் சொல்லிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

வைட்டமின் டி கொழுப்பில் கரைவது. மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது, உடலில் தேங்கும். 60,000 யூனிட் மாத்திரை, குறைவை விரைவாகச் சரிசெய்வதற்காக, வழக்கமாக வாரம் ஒன்றாக எட்டு வாரம்வரை எழுதப்படுவது. அதன்பின் மாதம் ஒன்று, அல்லது தினமும் சிறு அளவு என்று மாற்றிவிட வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்றால் நாள் சராசரி 30,000 யூனிட் ஆகிறது. மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் எடுத்துக்கொள்ளக்கூடிய உச்ச அளவு நாளைக்கு 4,000 யூனிட்தான். இப்படித் தேங்கினால் இரத்தத்தில் கால்சியம் கட்டுமீறி ஏறி, நீங்கள் எழுதியிருக்கும் அத்தனை அறிகுறிகளும் தோன்றும், சிறுநீரகமும் பழுதாகும். இரத்த அழுத்தத்துக்குக் குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குக் கால்சியம் இன்னும் எளிதில் ஏறும். இரத்தத்தில் கால்சியம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், வைட்டமின் டி மூன்றையும் பார்க்க வேண்டும். மாத்திரையை நிறுத்திய பிறகும் அளவு இறங்கப் பல வாரங்கள், சில வேளை மாதங்கள்கூட ஆகும்.

வீட்டில் யாரையும் இதற்காகக் குறை சொல்லிக்கொள்ள வேண்டாம். வலி குறைந்தது கண்கூடாகத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் கொடுப்போம் என்றுதான் எவருக்கும் தோன்றும். மருந்தின் அட்டையிலோ உறையிலோ எத்தனை வாரம் என்று எழுதி வாங்கிக்கொள்ளாததுதான் குறை. அதிகம் கொடுத்தால் எலும்பு கூடுதல் உறுதியாகும் என்பதும் இல்லை. ஆஸ்திரேலியாவில் 70 வயதைக் கடந்த 2,256 பெண்களை வைத்து நடந்து, 2010-இல் வெளியான ஓர் ஆய்வில், ஆண்டுக்கு ஒரு முறை 5 லட்சம் யூனிட் எடுத்துக்கொண்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கீழே விழுந்தார்கள். எலும்பு முறிவும் அவர்களுக்கே அதிகம் ஏற்பட்டது.

உங்கள் ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. முதியவர்கள் வீட்டின் இரண்டாம் கட்டைத் தாண்டாமல் நாள் முழுவதும் நிழலிலேயே இருந்துவிடுவதால்தான் குறைவு வருகிறது. அவர்கள் தோல் இளையவர்களின் தோலைப் போல இந்த வைட்டமினை உண்டாக்குவதும் இல்லை. வெயில் விழும் நேரத்தில் வளவு முற்றத்தின் ஓரத்தில் கையும் காலும் படும்படி சிறிது நேரம் உட்கார வைக்கலாம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை ஈரமானால் வழுக்கும். குளியலறை வாசலிலும் முற்றத்துக்கு இறங்கும் படியிலும் சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தினால், இடுப்பெலும்பு முறிவிலிருந்து காப்பதில் அது எந்த மாத்திரைக்கும் குறைந்ததில்லை.

கேள்வி: தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறேன். வயது 64. முழங்கால் தேய்மானத்துக்குக் குளுக்கோசமினும் கொலாஜன் பொடியும் நல்லது என்கிறார்கள். இப்போது தொடங்கினால் நடக்கத் தெம்பு வருமா? — வாசகர், பள்ளத்தூர்

பதில்: வராது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது, ஐயா. அமெரிக்காவில் முழங்கால் மூட்டு வலி உள்ள 1,583 பேரை வைத்து நடந்து 2006-இல் வெளியான ஆய்வில், குளுக்கோசமின் எடுத்தவர்களுக்கும் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும், மொத்தமாகப் பார்க்கையில், வலி குறைவதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கொலாஜன் ஒரு புரதம்; வயிற்றில் மற்ற புரதங்களைப் போலவே செரிமானமாகிறது. விழுங்கியது நேரே மூட்டுக்குப் போய் ஒட்டிக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம்.

நீங்கள் மாலை போட்டு விரதம் இருப்பவர் என்பதால் இன்னொன்றையும் தெரிவிக்க வேண்டும். குளுக்கோசமின் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்தும், கொலாஜன் மாடு, பன்றி, மீன் ஆகியவற்றின் தோல், எலும்பிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. பல கேப்சூல்களின் மேலுறையும் விலங்கிலிருந்து எடுக்கும் ஜெலட்டினால் ஆனதே. உறையில் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தொடைத் தசை வலுத்தால் முழங்காலின் பாரம் குறையும். நாற்காலியில் கைபிடிக்காமல் எழுந்து உட்காரும் பயிற்சியை இப்போதே தொடங்கி, நடக்கும் தூரத்தை வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். வழியில் வலி மாத்திரைகளை அடுத்தடுத்துப் போட்டுக்கொண்டு தண்ணீரும் குடிக்காமல் நடந்தால் சிறுநீரகம் கெடும். அதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்.

கேள்வி: அப்பச்சிக்கு 76 வயது, எடை 55 கிலோ. ஓராண்டில் நான்கு கிலோ குறைந்துவிட்டது. ஆத்தா காலமானபின் சரியாகச் சாப்பிடுவதில்லை. சமையலுக்கு வரும் அம்மா காலையில் வைத்துவிட்டுப் போவதுதான். நான் சென்னையில் இருக்கிறேன். முதியவர்களுக்கான புரோட்டீன் பவுடர் வாங்கி அனுப்பலாமா? — கோட்டையூரைச் சேர்ந்த வாசகி

பதில்: பவுடருக்கு முன்னால் எடை ஏன் குறைந்தது என்று பார்க்க வேண்டும். காரணம் தெரியாத எடை இழப்பு சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய், மனச்சோர்வு, பல் இல்லாமை என்று எதனாலும் வரலாம். உங்கள் தாயாரை இழந்த துயரம் கண்ணுக்கு முன் இருப்பதால் மற்றவற்றைத் தேடாமல் விட்டுவிடுவோம் என்று அஞ்சுகிறேன். நேரில் அழைத்துப்போய் இரத்தப் பரிசோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுத்துவிடுங்கள். இரத்தச் சோகை இருப்பதாகத் தெரிந்தால் இரும்பு டானிக்கோடு நிறுத்திவிடாமல், குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்றும் கேளுங்கள்.

முதியவர்களுக்குத் தசை கரையாமல் இருக்க, எடையில் கிலோ ஒன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். உங்கள் தந்தைக்கு 55 முதல் 66 கிராம். காலையில் இரண்டு இட்லி, மதியம் சோறும் ரசமும், இரவில் கஞ்சி என்று போனால் இதில் பாதிகூடத் தேறாது. முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராமுக்குச் சற்று மேல், 30 கிராம் பருப்பில் 7 கிராம், சமைத்த கோழிக்கறி 100 கிராமில் 25 கிராமுக்கு மேல் புரதம் இருக்கிறது. பல் இல்லாதவர் என்றால் பருப்பு மசியல், தயிர், அவித்த முட்டை, எலும்பு நீக்கிய மீன், இளம் கோழிக் குழம்பு இவற்றை அவர் விரும்பும் விதத்தில் மூன்று வேளையிலும் பரவலாக வைக்கச் சொல்லுங்கள். நம் வீடுகளில் கும்மாயம் கிண்டுவார்கள் அல்லவா, உளுந்தும் பாசிப்பருப்பும் வறுத்து அரைத்து, கருப்பட்டியும் நெய்யும் சேர்த்து. எடை குறைந்து, சர்க்கரையும் இல்லாத முதியவருக்கு, புரதமும் நெய்யின் ஆற்றலும் சேர்ந்த இதைவிடப் பொருத்தமான பண்டத்தை என்னால் நினைக்க முடியவில்லை. வாரத்தில் மூன்று நாள் சிறு கிண்ணத்தில் கொடுக்கலாம்.

இவ்வளவும் செய்தபின் குறைந்தால் பவுடர் வாங்குங்கள். டப்பாவின் பின்புறத்தில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று படியுங்கள். முதியோருக்கு என்று விற்கப்படும் சிலவற்றில் சர்க்கரையும் மாவுச்சத்துமே பெரும்பங்கு. ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியும் புரதப் பொடிகளைத் தவிர்த்து உணவிலிருந்தே புரதம் பெறும்படி சொல்கிறது. கிரியாட்டினின் கூடியிருந்தால் பொடியே கூடாது. நீங்கள் சென்னையிலிருந்து, அவர் சாப்பிட உட்காரும் நேரத்தில் வீடியோவில் அழைத்து அவரோடு பேசிக்கொண்டே நீங்களும் சாப்பிடுங்கள். தனியாகச் சாப்பிடும் முதியவருக்குத் துணை இருந்தால் உள்ளே இறங்கும் கவளம் கூடுகிறது. என்னிடம் வருபவர்களிடம் இதைப் பார்த்துவருகிறேன்.

கேள்வி: கவுனி அரிசியில் ஆன்டி-ஆக்சிடன்ட் இருப்பதால் முதுமையைத் தள்ளிப்போடும் என்று படித்தேன். அதையே கேப்சூலாகவும் விற்கிறார்கள். எது மேல்? — வாசகி, புதுவயல்

பதில்: அரிசி. அதன் கருஞ்சிவப்பு நிறம் ஆந்தோசயனின் என்ற பொருளால் வருவது. தவிடு நீங்காததால் நார்ச்சத்தும் இருக்கிறது. ஆனால் சர்க்கரையும் நெய்யும் தேங்காயும் கொட்டி இனிப்பாகக் கிண்டும்போது அது விருந்துப் பண்டம். நீரிழிவு உள்ளவர் உப்புப் போட்ட கஞ்சியாக, மற்ற அரிசிக்குப் பதிலாக, அளவோடு சாப்பிடலாம். உணவில் நன்மை தரும் ஒரு பொருளைத் தனியே பிரித்து மாத்திரையாக்கினால் அதே நன்மை கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. காய்கறி, பழம் அதிகம் சாப்பிடுவோருக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருந்ததைக் கண்டு, பின்லாந்தில் புகைப்பழக்கம் உள்ள 29,133 ஆண்களில் ஒரு பகுதியினருக்குப் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. இன்றைக்கும் புகைபிடிப்பவர்கள் பீட்டா கரோட்டின் உள்ள கண் மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

கேள்வி: வயதைக் குறைக்கும் என்று இணையத்தில் என்.எம்.என். என்ற மாத்திரை விற்கிறார்கள். விலை அதிகம். வாங்கலாமா? — ஓய்வுபெற்ற ஆசிரியர், திருப்பத்தூர்

பதில்: எலிகளிடம் நல்ல விளைவு கண்டது உண்மை. மனிதர்களை வைத்து நடந்தவை சிறிய, குறுகிய கால ஆய்வுகளே. ஆயுளை நீட்டியதாகவோ நோயைத் தடுத்ததாகவோ காட்டப்படவில்லை. ஓய்வூதியத்திலிருந்து அந்தப் பணத்தை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. எந்தச் சத்து மாத்திரை வாங்கினாலும் உறையில் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்க வேண்டும். மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதன்று என்ற வாசகமும் சட்டப்படி இருக்க வேண்டும். அதே உறையில் மூட்டு வலியைக் குணப்படுத்தும், சர்க்கரையை இறக்கும் என்றும் போட்டிருந்தால் அந்தப் பொருளை நம்ப வேண்டாம்.

கேள்வி: வயது 66. முடி கொட்டுகிறதென்று தோழி சொல்லி மூன்று மாதமாகப் பயோட்டின் 10 மில்லிகிராம் சாப்பிடுகிறேன். எனக்கு இதுவரை தைராய்டு கோளாறு இருந்ததில்லை. இப்போது பரிசோதனையில் தைராய்டு அதிகம் சுரக்கிறது என்று வந்திருக்கிறது. ஆனால் எனக்குப் படபடப்போ எடை குறைவோ எதுவும் இல்லை. மருந்து தொடங்கச் சொல்கிறார்கள். — வாசகி, காரைக்குடி

பதில்: மருந்து தொடங்கும்முன் பயோட்டின் சாப்பிடுவதை உங்கள் மருத்துவரிடம் அவசியம் சொல்லுங்கள். உடலுக்கு நாளொன்றுக்கு வேண்டியது 30 மைக்ரோகிராம் அளவுதான். நீங்கள் சாப்பிடுவது அதைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல். பல ஆய்வகக் கருவிகள் ஹார்மோன் அளவைக் கண்டறிவதற்குப் பயோட்டினையே ஒரு பிணைப்புப் பொருளாகப் பயன்படுத்துகின்றன. இரத்தத்தில் அது மிதமிஞ்சி இருந்தால், தைராய்டு சரியாக இருக்கும்போதே தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.ஹெச். என்ற ஹார்மோனைக் குறைவாகவும், தைராய்டு சுரக்கும் டி4 என்ற ஹார்மோனை அதிகமாகவும் காட்டிவிடும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் இது பொய்யாகக் குறைத்துக் காட்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-இல் எச்சரித்தது. நெஞ்சு வலி என்று மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால், பயோட்டின் எடுப்பதை அங்கே முதலில் சொல்ல வேண்டும்.

பயோட்டின் குறைவால் முடி கொட்டுவது அரிது. இரும்பு, புரதம், தைராய்டு, அண்மையில் வந்த காய்ச்சல் என்று வேறு காரணங்களைத் தேடுவதே பயன் தரும். மாத்திரையை இன்றே நிறுத்திவிட்டு, குறைந்தது மூன்று முழு நாள்கள் கழித்து, முடிந்தால் ஒரு வாரம் கழித்து, அதே ஆய்வகத்தில் தைராய்டு பரிசோதனையை மறுபடி எடுத்து, இரண்டு அறிக்கைகளையும் மருத்துவரிடம் ஒன்றாகக் காட்டுங்கள்.